மிஸ்மாருக்குக் கொடுக்கும் ஈடுபாட்டு வினாக்கொத்து சரியாகத்தான் அளக்கிறதா? பார்த்துக்கொள்ளும் வழி

நைட் முடித்து, ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் வார்டு வாசலில் நின்ற ஒரு மிஸ்ஸிடம் (இலங்கையில் தாதியரை இப்படித்தான் கூப்பிடுவோம்) வேலை ஈடுபாட்டு வினாக்கொத்துப் படிவத்தை நீட்டினேன். மளமளவென்று வட்டமிட்டுக்கொண்டு போனவர் ஐந்தாவது கூற்றில் நின்றுவிட்டார். காலையில் எழும்பியதும் வேலைக்குப் போக மனம் வருகிறதா என்பது போன்ற கூற்று அது. "எந்தக் காலைய சொல்றீங்க அக்கா? நைட் போடுற வாரத்துல காலையில நான் படுக்கத்தானே போறேன்" என்றார். பேனாவை எடுக்காமலே இன்னொன்றும் சொன்னார்: "அதோட இந்தக் குளிர்ல அஞ்சு மணிக்கு எழும்பி பஸ்ஸுக்கு நிக்க யாருக்கு மனசு வரும்? வார்டுக்குள்ள வந்துட்டா எல்லாம் சரியாயிரும்." சொல்லிவிட்டு, 0 முதல் 6 வரையான அளவில் 2 என்று வட்டமிட்டார்.

அந்த 2 எதை அளந்தது? அவருடைய ஈடுபாட்டையா, டியூட்டி ரோஸ்டரையா, நுவரெலியாவின் குளிரையா? வலிதுத்தன்மை, வெலிடிட்டி என்றெல்லாம் நாம் பெரிதாகச் சொல்வது இந்தக் கேள்வியைத்தான். தாதியர் பட்டப்படிப்பிலோ முதுமாணியிலோ ஆய்வு செய்கிறவர்களுக்காகவும், வார்டு வேலைக்கு நடுவே சின்னதாக ஒரு ஆய்வு செய்துபார்க்க நினைக்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். புள்ளிவிபரத்தைவிட அதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலைகளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன், ஏனென்றால் கோட்டை விடுவது அங்கேதான்.

நம் பக்கம் வழக்கமாக நடப்பது உங்களுக்கும் தெரிந்ததே. ஆங்கில வினாக்கொத்தை இங்கிலீஷ் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து இரண்டு நாளில் தமிழாக்கி, முந்நூறு போட்டோகொப்பி எடுத்து, தரவை எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளிவிபர மென்பொருளில் ஏற்றி, க்ரோன்பாக் அல்பா 0.88 என்று வந்தால் "வினாக்கொத்து வலிதானது" என்று ஒரு வரி எழுதி அத்தியாயத்தை முடித்துவிடுவோம். லீ க்ரோன்பாக் 1951இல் எழுதிய அந்த அல்பா, கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு சேர்ந்து போகின்றன என்பதைத்தான் சொல்லும். ஒன்பது கூற்றிலும் குளிரைப் பற்றியே கேட்டாலும் 0.9 வரும்! தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசை நினைத்துப் பாருங்கள். பத்துத் தடவை நிறுத்தாலும் அதே பதினாறு கிலோவைக் காட்டும், கூடையில் இருப்பதோ பதினெட்டு. தராசு ஒரே மாதிரி நிற்கிறது, அதனால் நம்பகமானது. ஆனால் கொழுந்து பறித்தவருக்கு அந்த நம்பகத்தால் என்ன பிரயோசனம்?

எந்த வினாக்கொத்து

ஈடுபாடு என்ற கருத்தை வேலை சம்பந்தமாக முதலில் எடுத்துப் பேசியவர் வில்லியம் கான், 1990இல். அதை அளக்க இன்று உலகம் முழுக்க அதிகம் பயன்படுவது நெதர்லாந்தின் யூட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்மார் ஷௌஃபெலியும் அவரோடு சேர்ந்தவர்களும் 2002இல் வெளியிட்ட யூட்ரெக்ட் பணி ஈடுபாட்டு அளவுகோல். 24 கூற்றோடு தொடங்கி 17 ஆனது, 2006இல் பத்து நாடுகளில் 14,521 பேரின் தரவை வைத்து 9 ஆகச் சுருக்கினார்கள், 2019இல் 3 கூற்று மட்டுமே உள்ள ஒன்றும் வந்தது. வணிக நோக்கம் இல்லாத ஆய்வுக்கு இலவசம். அதற்காகச் சொல்லாமல் எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒரு மின்னஞ்சல் போட்டு, என்ன செய்யப்போகிறீர்கள் என்று எழுதிவையுங்கள்.

என்னைக் கேட்டால் ஒன்பதை எடுங்கள். பதினேழைப் பத்து நிமிட டீ இடைவேளைக்குள் யாரும் யோசித்து நிரப்பமாட்டார்கள். மூன்றை வைத்துக்கொண்டு உள்ளமைப்பைச் சோதிக்க ஒன்றும் மிஞ்சாது.

ஒன்பதும் மூன்று மூன்றாகப் பிரியும். முதலாவது தெம்பு: ஈவினிங் டியூட்டி முடியும் ஏழு மணிக்கும் கடைசி டிரெஸ்ஸிங்கை முகம் சுளிக்காமல் செய்ய வைப்பது. அடுத்தது அர்ப்பணிப்பு, இந்த வேலைக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது என்ற நினைப்பு. மூன்றாவது ஆழ்ந்திருத்தல், குறைமாதப் பிள்ளைக்கு கெனுலா போடும்போது பக்கத்தில் யார் கூப்பிட்டாலும் காதில் விழாத அந்த நிலை. இந்த மூன்றையும் உங்கள் சொந்த வார்த்தையில் யாருக்காவது விளக்கிப் பாருங்கள். விளக்க முடியாவிட்டால் மொழிபெயர்க்க உட்காரவேண்டாம்.

மொழிபெயர்ப்பு

இதற்கு ஒரு பொது ஒழுங்கு இருக்கிறது. பீட்டன் என்பவரும் அவருடைய குழுவும் 2000இல் வெளியிட்ட வழிகாட்டல் அது. இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்கவேண்டும், அதில் ஒருவருக்கு ஈடுபாடு என்ற கருத்து தெரிந்திருக்கலாம், மற்றவருக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது. இரண்டையும் வைத்து ஒரு பிரதி. அந்தப் பிரதியை, மூலத்தைப் பார்த்தே இராத இரண்டு பேர் மறுபடி ஆங்கிலமாக்குவார்கள். பிறகு எல்லாரும் ஒரு மேசையில் உட்கார்ந்து சண்டை பிடிக்கவேண்டும். அதன் பிறகு 30, 40 பேரிடம் கொடுத்துப் பார்ப்பது. செலவைக் குறைக்க மறுமொழிபெயர்ப்பை விட்டுவிடுகிறார்கள், அல்லது முதலில் தமிழாக்கிய அதே ஆளிடமே கொடுக்கிறார்கள். அவருக்கு மூலம் மனப்பாடம், தமிழில் என்ன இருந்தாலும் அழகாக மூலத்தையே திருப்பித் தந்துவிடுவார்.

எந்தத் தமிழ் என்பது அடுத்த கேள்வி. மலையகத்து ஆஸ்பத்திரிகளில் வேலை செய்யும் தமிழ் வாசிக்கும் மிஸ்மார் எல்லாரும் ஹட்டனிலோ தலவாக்கலையிலோ பிறந்தவர்கள் கிடையாது. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் நியமனம் கிடைத்து வந்தவர்கள் இருப்பார்கள், கண்டிப் பக்கத்து முஸ்லிம் பிள்ளைகள் இருப்பார்கள். ஆகவே மேசையைச் சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் ஒரே ஊராக இருக்கக்கூடாது. பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்துத் தமிழில் எழுதி வைத்தாலும் சரிவராது, அது யாருடைய வாயிலும் இல்லாத தமிழ்.

நான் பட்ட பாட்டில் நான்கு கூற்றுகளை மட்டும் சொல்கிறேன். முதலாவது கூற்றில் உடம்பில் சக்தி நிரம்பி வெடிப்பதுபோல ஆங்கிலத்தில் இருக்கும். ஒரு மொழிபெயர்ப்பாளர் அப்படியே "சக்தியால் வெடிக்கிறேன்" என்று போட்டிருந்தார். வாசித்த முதல் ஆள் "காஸ் சிலிண்டரா நான்?" என்று கேட்டார், அதோடு அது போயிற்று. "உடம்பில் தெம்பு பொங்குகிறது" என்பதை எல்லா ஊர்க்காரரும் ஒத்துக்கொண்டார்கள்.

ஏழாவது பெருமையைப் பற்றியது. நம் ஊரில் "அவ பெருமைக்காரி" என்றால் அது திட்டு. "எனக்குப் பெருமையாக இருக்கிறது" என்று மொட்டையாக விட்டால், அடக்கமான ஆட்கள் எல்லாரும் குறைத்துப் போடுவார்கள். "நான் செய்யும் வேலையை நினைத்து" என்று முன்னால் சேர்த்ததும் தயக்கம் போய்விட்டது, மூலத்திலும் வேலையைப் பற்றித்தான் இருக்கிறது.

எட்டாவதுதான் பயங்கரம். "வேலையில் மூழ்கியிருக்கிறேன்" என்பது கேட்க எவ்வளவு நல்ல தமிழ்! மெடிக்கல் வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு நோயாளி, தரையில் பாய் விரித்து இன்னும் சில பேர், அத்தனைக்கும் இரண்டு மிஸ்மார். அதில் ஒருவர் படித்துவிட்டுச் சிரித்தார்: "மூழ்கிட்டோம் அக்கா, தலை மட்டுந்தான் வெளியில." 6 போட்டார். நாம் ஆசையாய் ஆழ்ந்திருப்பதைக் கேட்டோம், அவர் வேலைச்சுமையில் மூச்சுத் திணறுவதைச் சொன்னார். எண்ணைப் பார்த்தால் உச்ச ஈடுபாடு, ஆளைப் பார்த்தால் எப்போது விடுவோம் என்று இருக்கிறார். அல்பா இதைக் கண்டுபிடிக்கவே கண்டுபிடிக்காது.

ஒன்பதாவதை அப்படியே தமிழாக்கினால் "அடித்துச் செல்லப்படுகிறேன்" என்று வரும். மழை கூடினால் மண்சரிவு எச்சரிக்கை வரும் ஊரில் அதைக் கொடுக்க மனம் வருமா? "என்னையே மறந்துவிடுகிறேன்" என்று மாற்றினோம். ஐ.சீ.யூ.வில் இருந்த ஒருவர், "என்னை மறந்தா மருந்து மாறிரும்" என்று சொல்லி 0 போட்டார். நியாயம்தானே, தாதிக்கு அது குற்றம். "நேரம் போவதே தெரிவதில்லை" என்று போடலாமே என்று குழுவில் ஒருவர் சொன்னார். அழகாகத்தான் இருந்தது, ஆனால் அது பதினேழு கூற்றுப் பிரதியில் உள்ள வேறொரு கூற்று, ஒன்பதில் அது கிடையாது. ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்றின் இடத்தில் உட்கார்ந்துவிடக்கூடாது. கடைசியில் "வேலையிலேயே லயித்துப்போகிறேன்" என்பதில் நின்றோம். கொஞ்சம் புத்தக வாடைதான், ஆனாலும் யாரும் தப்பாக விளங்கிக்கொள்ளவில்லை.

பதில் அளவையும் மறக்கவேண்டாம். 0 என்றால் ஒருபோதும் இல்லை, 1 வருடத்துக்குச் சில தடவை, அப்படியே மேலே போய் 5 வாரத்துக்குச் சில தடவை, 6 ஒவ்வொரு நாளும். "அரிதாக", "எப்போதாவது", "சிலவேளை" என்ற சொற்களை மட்டும் போட்டால் ஆளுக்கு ஒரு வரிசை வைத்துக்கொள்வார்கள். மாதத்துக்கு, வாரத்துக்கு என்ற விளக்கத்தை ஒவ்வொரு எண்ணுக்குக் கீழும் அச்சடியுங்கள். "ஒவ்வொரு நாளும்னா டே ஓஃப் அன்னைக்குமா?" என்று கட்டாயம் கேட்பார்கள். டியூட்டி நாட்களை மட்டும் நினைத்துப் பதில் சொல்லவேண்டும் என்று மேலேயே எழுதிவிட்டால் தீர்ந்தது.

உட்கார்ந்து கேட்பது

பெரிய தரவுச் சேகரிப்புக்கு முன் எட்டு, பத்துப் பேரோடு தனித்தனியாக உட்காருங்கள். படிவத்தைக் கொடுத்து, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். "விளங்குதா?" என்று கேட்காதீர்கள். நம் ஆட்கள் மரியாதைக்காக விளங்குது என்றுதான் சொல்வார்கள். "இந்தக் கூற்றை உங்கள் வார்த்தையில் சொல்லுங்களேன்", "ஏன் 3 போட்டீர்கள், 4 போடவில்லை?", "இதைப் படித்ததும் எந்த நாள் ஞாபகம் வந்தது?" என்று கேளுங்கள். மேலே சொன்ன சிலிண்டர், தலை வெளியில், மருந்து மாறும் எல்லாம் இப்படி வந்தவைதான். நேரம் பார்த்துப் போகவேண்டும். காலை ஏழு மணி ஹேண்ட்ஓவர் நேரத்தில் போனால் உங்களைப் பார்த்தாலே எரிச்சல் வரும். பகல் ஒரு மணிக்கு டியூட்டி முடித்து வருகிறவரை கென்டீனில் பிடித்து, ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் பேசினால் அரை மணித்தியாலம் தருவார்.

இதோடு நிபுணர் கருத்தையும் எடுக்கவேண்டும். வார்டு சிஸ்டர், தாதியர் கல்லூரி ஆசிரியர், உளவியல் தெரிந்தவர், தமிழ் தெரிந்த வைத்தியர் என்று ஆறேழு பேர் போதும். ஒவ்வொரு கூற்றும் எவ்வளவு பொருத்தம் என்று 1 முதல் 4 வரை போடுவார்கள். 3 அல்லது 4 போட்டவர்களை எண்ணி மொத்தப் பேரால் வகுப்பதுதான் உள்ளடக்க வலிதுச் சுட்டி. ஏழு பேரில் ஆறு பேர் போட்டிருந்தால் 0.86, தேறும். ஐந்து பேர் என்றால் 0.71, தேறாது, ஆறு பேரோ அதற்கு மேலோ இருக்கும்போது 0.78 வேண்டும் என்பது வழக்கம். ஐந்து பேரோ அதற்குக் குறைவாகவோ வைத்தால் எல்லாரும் ஒத்துக்கொண்டாகவேண்டும். ஆனால் இந்த எண்ணுக்கு அளவுக்கு மீறி மதிப்புக் கொடுக்காதீர்கள். "மூழ்கியிருக்கிறேன்" நிபுணர்களிடம் முழுப் புள்ளி வாங்கியிருக்கும், அவர்கள் நைட் போடுவதில்லை.

அனுமதியும் ஆட்களும்

முதலில் பல்கலைக்கழக நெறிமுறை மீளாய்வுக் குழு. அது கிடைத்த பிறகுதான் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கலாம். சில ஆஸ்பத்திரிகள் மத்திய அமைச்சின் கீழ், சில மாகாணத்தின் கீழ். நுவரெலியாவும் கண்டியும் மாத்தளையும் மத்திய மாகாணம், பதுளை ஊவா, ஆகவே இரண்டு மாகாணப் பணிப்பாளர்களுக்கும் தனித்தனிக் கடிதம் போகவேண்டியிருக்கும். இதற்கே மாதங்கள் ஓடும். மொழிபெயர்ப்பு நடக்கும்போதே மனுவைத் தயார்ப்படுத்துங்கள். மனு கொடுத்த பிறகு கூற்றின் வார்த்தையை மாற்றினால் குழுவுக்குத் திருத்தம் அனுப்பவேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எத்தனை பேர்? ஒரு கூற்றுக்குப் பத்துப் பேர் என்ற பழைய கணக்கில் 90 வரும். அது போதாது. எந்தக் கூற்றுகள் சேர்ந்து ஒரே விஷயத்தை (காரணியை) அளக்கின்றன என்று நாம் முன்பே நினைத்த வடிவம் தரவோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான் உறுதிப்படுத்தும் காரணிப் பகுப்பாய்வு; அதைச் செய்ய 200க்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். வடிவத்தைத் தரவிலிருந்தே தேடும் ஆராயும் பகுப்பாய்வையும் சேர்த்துச் செய்ய ஆசைப்பட்டால் அதற்கு வேறு ஆட்கள் வேண்டும், ஒரே தரவில் வடிவத்தைக் கண்டுபிடித்து அதே தரவில் உறுதிப்படுத்துவது என்பது தானே எழுதிய பேப்பரைத் தானே திருத்துவது. மலையகத்தில் தமிழ்ப் பிரதியை நிரப்பக்கூடிய இருநூறு பேர் ஒரே ஆஸ்பத்திரியில் கிடைக்கமாட்டார்கள், பெரும்பாலான மிஸ்மாரின் தாய்மொழி சிங்களம். இரண்டு மூன்று மாவட்டம் சுற்றத்தான் வேண்டும். தோட்ட வைத்தியசாலை, தனியார் ஆஸ்பத்திரி ஆட்களையும் சேர்த்துக்கொண்டு எண்ணிக்கையைக் கூட்டலாம் என்று தோன்றும். சேர்க்கலாம், ஆனால் அவர்களுடைய வேலை வேறு, சம்பளம் வேறு, வேலை நேரம் வேறு. தனிக் குறியீடு போட்டு வையுங்கள்.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன், இடம் வேண்டாம். படிவங்களை ஒரு பொறுப்பாளரிடம் கட்டாகக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் கழித்து வாங்கப் போனேன். ஒன்றுகூடக் குறையாமல் அத்தனையும் வந்திருந்தது. பஸ்ஸில் வரும்போது புரட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே பச்சை மைப் பேனா, ஒரே கையின் வட்டம், ஐந்தும் ஆறும் மாறி மாறி. யாரோ நல்ல மனதோடு எனக்கு உதவி செய்திருக்கிறார்கள்! மிச்சத்திலும் எல்லாம் 6. விசாரித்தால், "மேலிடத்துக்குப் போற பேப்பர்தானே, குறைச்சுப் போட்டா டிரான்ஸ்பர்ல பிடிப்பாங்க" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, மேலதிகாரி கையால் போகும் படிவத்தில் யார் உண்மையை எழுதுவார்? அந்தக் கட்டு முழுவதையும் ஒதுக்கினேன். அதற்குப் பிறகு நானே நேரில் கொடுத்தேன், ஒவ்வொன்றுக்கும் ஒட்டும் உறை, பெயரும் கையொப்பமும் கேட்பதில்லை, பூட்டுப் போட்ட பெட்டி ஒன்றை உடைமாற்றும் அறைக்குப் பக்கத்தில் வைத்தேன். மூன்றில் ஒரு பங்கு திரும்பி வராமல் போனது, வந்ததை நம்ப முடிந்தது. வார்டு, வயது, சேவைக்காலம் மூன்றையும் கேட்டால் சின்ன ஆஸ்பத்திரியில் ஆளையே கண்டுபிடித்துவிடலாம். வயதை ஐந்தைந்து வருடப் பிரிவாகக் கேளுங்கள், வார்டைக் கேட்காமலே விடலாம்.

கணக்கு

இப்போதுதான் கணினி. எஸ்.பி.எஸ்.எஸ். மட்டும் இருந்தால் உறுதிப்படுத்தும் பகுப்பாய்வுக்கு ஏமொஸ் என்று தனியாக ஒன்று வேண்டும், அதற்குக் காசு. ஜமோவியும் ஜாஸ்ப்பும் இலவசம், மெனுவில் தட்டினால் செய்துவிடும். ஆர் என்ற நிரல்மொழி பழகியவர்களுக்கு அதில் லவான் என்ற தொகுப்பு இருக்கிறது.

முதலில் ஒவ்வொரு கூற்றின் பரம்பலையும் பாருங்கள். 15 சதவீதத்துக்கு மேல் உச்சப் புள்ளியில் குவிந்திருந்தால் கூரை முட்டுகிறது என்று அர்த்தம், அதற்கு மேல் உள்ள வித்தியாசத்தை அது காட்டாது. 0 முதல் 6 வரையான பதில்கள் வரிசைத் தரவு, பெரும்பாலும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். ஆகவே சாதாரண அதிகூடிய நிகழ்தகவு முறைக்குப் பதில் அதன் உறுதியான வடிவத்தையோ, வரிசைத் தரவுக்கான நிறையிட்ட குறைந்த வர்க்க முறையையோ தேர்ந்தெடுங்கள்.

இரண்டு மாதிரியைப் போட்டியிடவைக்கவேண்டும். ஒன்று, ஒன்பதும் ஒரே காரணி. மற்றது, மூன்று மூன்றாக மூன்று காரணி, ஒன்றோடொன்று இணைபு (கொரிலேஷன்) உள்ளவை. ஒற்றைக் காரணிக்குச் சுயாதீனப் படி (டிகிரி ஒஃப் ஃப்ரீடம்) 27, மூன்றுக்கு 24. உங்கள் வெளியீட்டில் வேறு எண் வந்தால் எங்கோ பிழை, அங்கேயே நிறுத்திவிட்டுத் தேடுங்கள். மாதிரி தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்லும் சுட்டிகளில் சி.எஃப்.ஐ. 0.95ஐ ஒட்டி, ஆர்.எம்.எஸ்.ஈ.ஏ. 0.06ஐ ஒட்டி, எஸ்.ஆர்.எம்.ஆர். 0.08க்குள் என்பது ஹூவும் பென்ட்லரும் 1999இல் சொன்ன எல்லைகள். அவற்றைச் சட்டம்போல் பிடித்துக்கொண்டு 0.94 வந்ததற்கு அழவேண்டாம். பொருத்தத்தைக் கூட்ட நிரல் சொல்லும் பிழை இணைபுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகும் கெட்ட பழக்கம் ஒன்று இருக்கிறது. சேர்க்கும் ஒவ்வொன்றுக்கும் தமிழ் வார்த்தையில் ஒரு காரணம் சொல்ல முடிந்தால் மட்டும் சேருங்கள்.

மூன்று காரணி மாதிரி நன்றாகப் பொருந்தியும், காரணிகளுக்கிடையே இணைபு 0.9க்கு மேல் வருவது இந்த அளவுகோலில் பல நாடுகளில் பார்த்த விஷயம். அப்படி வந்தால் உங்கள் மிஸ்மார் தெம்பையும் அர்ப்பணிப்பையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கவில்லை. கோட்பாட்டைக் காப்பாற்ற மூன்று புள்ளி கொடுக்காமல், ஒற்றை மொத்தப் புள்ளியைப் பயன்படுத்துங்கள். 2006 கட்டுரையிலேயே அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள்.

அல்பாவையும் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, கூடவே அதேபோல நம்பகத்தைச் சொல்லும் இன்னொரு சுட்டியான ஒமேகாவையும் போடுங்கள். 0.95க்கு மேல் போனால் சந்தோஷப்படாமல், ஒரே கேள்வியை ஒன்பது தடவை கேட்டுவிட்டோமோ என்று பாருங்கள். ஐம்பது பேரிடமாவது இரண்டு வாரம் கழித்து மறுபடி நிரப்பி வாங்கி, இரண்டு தடவையும் புள்ளி எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் உள்வகுப்பு இணைபுக் குணகம் பாருங்கள், 0.75க்கு மேல் நல்லது. அந்த இரண்டு வாரத்துக்குள் ரோஸ்டர் தலைகீழாக மாறியிருந்தால் புள்ளி மாறுவதற்கு வினாக்கொத்து பொறுப்பில்லை, ஆகவே அதையும் ஒரு வரியில் கேட்டுக்கொள்ளுங்கள். பெயர் இல்லாமல் இரண்டு படிவத்தை எப்படிப் பொருத்துவது? அம்மாவின் பெயரின் முதல் எழுத்து, பிறந்த திகதியின் நாள் என்று அவர்களே ஒரு குறியீடு போடலாம்.

மற்றவற்றோடு எப்படிப் போகிறது

உள்ளமைப்பு சரி. அது ஈடுபாடுதான் என்பதற்கு என்ன ஆதாரம்? இங்கே முன்கூட்டியே எழுதி வைக்கவேண்டும், தரவைப் பார்த்த பிறகு எழுதினால் எதையும் நிரூபிக்கலாம். பர்ன்அவுட், அதாவது வேலையால் வரும் களைப்பும் சலிப்பும், கூடினால் ஈடுபாடு குறையும், சிஸ்டரின் ஆதரவு கூடினால் ஈடுபாடு கூடும் என்று ஐந்தாறு எதிர்பார்ப்பை, திசையோடும் ஏறத்தாழ அளவோடும் எழுதுங்கள். முக்கால்வாசி சரிவந்தால் போதும் என்பது பொதுவான அளவு. பர்ன்அவுட்டுக்கு மாஸ்லாக்கின் வினாக்கொத்துக்குக் காசு கட்டவேண்டும், கோபன்ஹேகன் வினாக்கொத்து இலவசம். ஆனால் அதன் தமிழ்ப் பிரதியும் இதே சோதனையைத் தாண்டியிருக்கவேண்டும், இல்லாவிட்டால் கோணல் தராசை இன்னொரு கோணல் தராசை வைத்துப் பார்ப்பதாகிவிடும்.

வேலையை விட்டுப் போகும் எண்ணத்தோடு ஒப்பிடுவது வெளிநாட்டுக் கட்டுரைகளில் வழக்கம். இங்கே ஜாக்கிரதை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வெளிநாடு போக விண்ணப்பிப்பவர் எல்லாரும் வேலையை வெறுத்தவர்கள் கிடையாது. வார்டில் உயிரைக் கொடுத்து வேலை செய்கிறவரே வீட்டுக் கடனுக்காக ஐ.ஈ.எல்.டி.எஸ். படித்துக்கொண்டிருப்பார். ஆகவே அந்த இணைபு பலவீனமாகத்தான் வரும் என்று முன்பே எழுதிவைத்து, "இந்தத் தொழிலை விட", "இந்த ஆஸ்பத்திரியை விட", "இந்த நாட்டை விட" என்று மூன்றாகக் கேட்டால் படம் தெளிவாகும்.

சிங்களப் பிரதி

மலையக ஆஸ்பத்திரியில் தமிழ்ப் பிரதியோடு மட்டும் போனால் வார்டில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வெளியே நிற்பார்கள். இரண்டு மொழியிலும் சேகரித்தால், தமிழ் மிஸ்மாருக்கு ஈடுபாடு கூடவா குறையவா என்று உடனே ஒப்பிடும் ஆசை வரும், வாசிக்கிறவர்களுக்கும் வரும். அதற்கு முன் அளவீட்டுச் சமநிலை பார்க்கவேண்டும்: இரண்டு மொழியிலும் அதே அமைப்பா, கூற்றுகள் காரணியோடு அதே அளவுக்கு இணைகின்றனவா (சுமைகள்), அதே தொடக்கப் புள்ளிகளா என்று படிப்படியாக இறுக்கிக்கொண்டு போவது. ஒவ்வொரு படியிலும் சி.எஃப்.ஐ. 0.01க்கு மேல் விழுந்தால் அங்கே நிற்கிறது. மூன்றாவது படி தேறாமல் சராசரியை ஒப்பிட்டு, ஒரு சமூகம் வேலையில் ஈடுபாடு குறைந்தது என்று எழுதிவைப்பது வெறும் புள்ளிவிபரப் பிழையோடு நிற்காது. "பெருமை" என்ற ஒரு சொல்லின் வித்தியாசம் ஆட்களின் வித்தியாசமாகிவிடும்.

அந்த ஐந்தாவது கூற்றை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். மூலத்தை நம் இஷ்டத்துக்கு மாற்றினால் மற்ற நாட்டுத் தரவோடு ஒப்பிட முடியாது, மாற்றாவிட்டால் குளிரைத்தான் அளப்போம். ஆகவே காலைக் கூற்றை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, ஒன்பதுக்கும் கீழே பத்தாவதாக "டியூட்டிக்குக் கிளம்பும் நேரத்தில் வேலைக்குப் போக மனம் வருகிறது" என்று ஒன்றைச் சேர்த்தேன். பகுப்பாய்வை இரண்டு தடவை ஓட்டவேண்டும், ஒரு தடவை ஐந்தாவதை வைத்து, ஒரு தடவை அதன் இடத்தில் பத்தாவதை வைத்து. நைட் போடுகிறவர்களையும் போடாதவர்களையும் பிரித்தும் ஓட்டுங்கள். இரண்டு முடிவையும் ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, எது நன்றாக நிற்கிறது என்று காட்டிவிட்டு, மூலத்தை எழுதியவர்களுக்கும் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள்.